இஞ்சியும் மஞ்சளும் செய்யும் காவல்

கண்டியிலே மழை விடாது பெய்யும் நாட்களில், கொத்தமல்லியும் இஞ்சியும் அவியும் மணம் எழாத வீடு அரிது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றித் தடிமனுக்கு முதல் மருந்து இக்குடிநீரே. சிறு காயத்திற்கு மஞ்சள் பூசுவதும் பழைய வழக்கமே. இவ்வழக்கங்களில் உண்மை எவ்வளவு என்பதை நேயர்கள் சிறிது சிந்திக்கலாம்.

1821ஆம் ஆண்டில் மகாவலி கங்கையின் வளைவில் அமைந்த பேராதனைப் பூங்காவுக்குச் செல்வோர், இஞ்சிக் குடும்பத்தின் வளத்தைக் காணலாம். இஞ்சி, மஞ்சள், அரத்தை, நக்கிள்ஸ் மலைக் காடுகளின் நிழலில் நெடுங்காலம் பயிரிடப்பெற்ற ஏலம் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தினவே. இவற்றின் கிழங்குகள் ஈரமண்ணில் புதைந்து கிடப்பன. அங்கே பூஞ்சணமும் பற்றீரியாவும் நிறைந்துள்ளன. ஓடி ஒளிய இயலாத செடி, தன்னைக் காக்கக் காரமும் கசப்பும் மணமும் உள்ள பொருள்களைத் தன்னுள்ளேயே ஆக்கிக்கொள்கிறது.

மஞ்சளின் நிறப்பொருளாகிய குர்க்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது சில பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்கும் என்பது 1949இல் ஆய்வுகூடத்திலே காட்டப்பட்டது. ஆயினும் கண்ணாடித் தட்டு வேறு. மனித உடல் வேறு. மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பங்கே. அது நீரில் எளிதிற் கரைவதில்லை; உண்டாலும் குருதியிற் சேர்வது மிகச் சொற்பம். சமையலறைத் தூளிலும் கிருமிகள் இருக்கக்கூடும். ஆதலின் ஆழ்ந்த காயத்தில் மஞ்சளை அப்பிவிட்டு வாளாவிருத்தலும், மூச்சுத் திணறும் குழந்தைக்குக் குடிநீர் புகட்டிக் காத்திருத்தலும் பெருந்தவறு. அத்தகையோரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

அங்ஙனமாயின் பாட்டியின் குடிநீர் வீணோ? அன்று. சாதாரணத் தடிமன் வைரசால் வருவது. பற்றீரியாவைக் கொல்லும் மருந்து அதனைத் தீர்க்காது. தேவையின்றி அம்மருந்தை உண்ண உண்ணக் கிருமிகள் அதனை எதிர்க்கப் பழகிவிடுகின்றன. பெனிசிலினைக் கண்ட பிளெமிங், முறையின்றி அதனை உண்பதால் விளையும் இக்கேட்டினை 1945இலேயே எச்சரித்தார். இன்று உலகெங்கும் வைத்தியர்கள் அஞ்சுவது இதற்கே.

தடிமன் தானே தணியும் வரை, சூடான இஞ்சிக் குடிநீர் தொண்டைக்கு இதமளித்து, வேண்டாத மாத்திரையை நாடாமல் நம்மைத் தடுக்கிறது. அதனால் உயிர்காக்கும் மருந்தின் வலிமையும் குன்றாது நிற்கிறது. அடுப்பங்கரை இஞ்சி செய்யும் பெரிய காவல் இதுவே எனலாம்.