சண்டையை முடிக்கக் கற்றுக் கொடுப்போம்



1867 ஆகஸ்டில் நமது ஜோர்ஜ்டவுன் பத்து நாள் கலவரத்தில் சிக்கியது. கீ ஹின் சங்கம் ஒருபுறம், துவா பெக் கோங் சங்கம் மறுபுறம். வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டனர். ஆகவே அது இனச் சண்டை அல்ல, கூட்டாளிச் சண்டை. யாரோ வீசிய ரம்புத்தான் தோலில் தொடங்கிய தகராறு என்றும் ஒரு கதை உண்டு. தோல் என்னவோ சிறியதுதான். இரு தரப்பும் ஆள் திரட்டப் போனதால்தான் ஊரே பற்றிக்கொண்டது.

இந்த ஆள் திரட்டும் பழக்கம் நம் பள்ளி வாசலில் இன்றும் இருக்கிறது. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் இரு மாணவர்கள் ஒரு நாற்காலிக்காக அடித்துக்கொண்டனர். இருவருக்கும் பிரம்படி கிடைத்தது. விவகாரம் முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் ஒருவனுக்காக நான்கு பெரிய பையன்கள் வாசலில் வந்து நின்றார்கள். குண்டர் கும்பலின் கதவு இப்படித்தான் திறக்கிறது. பிரம்பு சண்டையை நிறுத்தியது, முடிக்கவில்லை.

முடிப்பதற்கு ஒரு முறை உண்டு. இருவரையும் உட்கார வையுங்கள். ஒருவன் பேசும்போது மற்றவன் குறுக்கிடக் கூடாது. கேட்டவன், தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “ஆமாம், அதைத்தான் சொன்னேன்” என்று முதலாமவன் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்தவன் முறை. பிறகு, “யார் குற்றவாளி?” என்று கேட்காமல், “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டதை எழுதி வைத்து, ஒரு வாரம் கழித்து விசாரியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பகடிவதைக்கு இது மருந்தல்ல. வலியவன் எளியவனைத் தொடர்ந்து வதைக்கும்போது, “சமாதானமாகப் போ” என்பது அநியாயம். அங்கே ஆசிரியர்தான் தலையிட வேண்டும்.

இதற்குப் புதுப் பாடநூல் தேவையில்லை. நன்னெறிக் கல்வி இருக்கிறது. ஆலோசக ஆசிரியர் இருக்கிறார். இங்கே நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அமைதிக் கல்விக்கென்றே ஒரு பிரிவு செயல்பட்டு வந்திருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலர் முதலாம் படிவத்திலோ புகுமுக வகுப்பிலோதான் முதன்முறையாகப் பிற இனப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். அதற்கு முன், ஆறாம் ஆண்டிலேயே இந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை அடிபட்டு வந்தால் முதலில் காயத்தைப் பாருங்கள். “நீ திருப்பி அடித்தாயா?” என்று கேட்காதீர்கள். “நீ என்ன சொன்னாய்? அவன் என்ன சொன்னான்?” என்று கேளுங்கள். வீட்டில் கேட்க ஆள் இருந்தால், பிள்ளை வெளியே ஆள் தேட மாட்டான்.