சந்தியில் திரும்பும்போது

ஊரில் சந்தியில் ஹோர்ன் அடித்தால் நடந்துபோகிறவர் ஒதுங்குவார். அந்தப் பழக்கம் எங்களில் பலரோடு லண்டனுக்கும் வந்துவிட்டது. ஆனால் இங்கே ஹைவே கோட் 2022 ஜனவரி 29இல் மாறியது. நீங்கள் திரும்பப்போகும் வீதியைக் கடக்கக் காத்து நிற்பவருக்கும் நீங்கள்தான் வழிவிட வேண்டும். நேரே போகும் சைக்கிளுக்கும் அப்படியே.

போன மாதம் நானே சைக்கிளில் போன ஒரு பொடியனை முந்திக்கொண்டுபோய் உடனே இடப்பக்கம் திருப்பினேன். அவன் பிரேக் பிடித்த சத்தம்தான் கேட்டது. நல்லகாலம், விழவில்லை. எனக்குத்தான் வீடு வரும்வரை கை நடுங்கியது.

சந்திக்குக் கிட்ட முந்தாதீர்கள். சைக்கிளுக்குப் பின்னால் நில்லுங்கள். கண்ணாடியைப் பார்த்தபின் இடத்தோளுக்கு மேலாலும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.