வலிக்கு எத்தனை மதிப்பெண்?



பண்பாடும் மனிதர்களின் பேச்சுப் பரிமாற்றமும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். கைகூப்பி வணங்குவதில் தொடங்கி வணிக ஒப்பந்தம் பேசுவது வரை எதையும் இதற்குள் அடக்கிவிடலாம். நான் மருத்துவமனைக் கட்டிலின் ஓரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஒருவர் சொன்னதை இன்னொருவர் மாற்றிப் புரிந்துகொண்டால் மருந்தே மாறிப்போகும்.

நம் மருத்துவமனைகளில் தாதியர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வலி எவ்வளவு இருக்கிறது? பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள்." எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவரிடம் இதைக் கேட்பதாக வைத்துக்கொள்வோம். பாட்டி எண் சொல்லமாட்டார். "இருக்குதும்மா, பரவாயில்ல" என்பார். பக்கத்தில் நிற்கும் பேரன், "ஓகே என்கிறார்" என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பான். தாதி மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். பாட்டியோ முதல் நாள் இரவு முழுவதும் கண் மூடியிருக்க மாட்டார்.

இதில் யார் மீது குற்றம்? கேட்டவர் முறைப்படிதான் கேட்டார். பாட்டியும் பொய் சொல்லவில்லை. 'பரவாயில்லை' என்ற ஒரு சொல்லுக்குள் நாம் எத்தனை பொருளை வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். நன்றாக இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. வேண்டாம் என்றாலும் பரவாயில்லை. தாங்கிக்கொள்கிறேன், உங்களுக்கு ஏன் சிரமம் என்றாலும் அதே பரவாயில்லைதான். எந்தப் பொருள் என்பது முகத்தில் இருக்கிறது, குரலில் இருக்கிறது, சொல்வதற்கு முன் விட்ட பெருமூச்சில் இருக்கிறது. பிலிப்பீன்சிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்து இங்கு வேலை செய்யும் தாதிக்கு அந்தப் பெருமூச்சு எப்படிப் புரியும்?

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொல்லிலேயே இருக்கும்; வேறு சில சமூகங்களில் சூழலில்தான் இருக்கும் என்றார். ஜப்பானியர்களை ஒரு கோடியிலும் ஜெர்மானிய மொழி பேசும் சுவிஸ் மக்களை மறு கோடியிலும் வைத்தார். பயனுள்ள கருத்துதான். ஆனால் இனங்களை இப்படிப் பெட்டிக்குள் அடைப்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. "முடியாது" என்று சொல்லக் கூசும் அதே தமிழர்தான், பேருந்தில் முதன்முறையாகப் பார்க்கும் ஒருவரிடம் "சம்பளம் எவ்வளவு, இன்னும் ஏன் கல்யாணம் பண்ணிக்கல?" என்று கேட்டுவிடுகிறார். எதை வெளிப்படையாகக் கேட்கலாம், எதை மூடிச் சொல்ல வேண்டும் என்பதில்தான் பண்பாடுகள் வேறுபடுகின்றன.

வலி விஷயத்தில் இதை முதலில் கூர்ந்து பார்த்தவர்களுள் ஒருவர் மார்க் ஸ்பரோவ்ஸ்கி. நியூயார்க்கில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றின் நோயாளிகளை ஆராய்ந்து 1952இல் கட்டுரை வெளியிட்டார். இத்தாலிய வழியினரும் யூதர்களும் வலியை வாய்விட்டுச் சொன்னார்கள். ஆனால் இத்தாலியர்களுக்கு வலி நின்றால் போதும். யூதர்களோ வலி நின்ற பிறகும் இது எதனால் வந்தது, நாளை என்ன ஆகும் என்று கவலைப்பட்டார்கள். பல தலைமுறைகளாக அமெரிக்காவிலேயே வாழ்ந்த குடும்பத்தினர், வேறு யாருக்கோ வலிப்பதுபோல நிதானமாக விவரித்தார்கள். ஆகவே முனகலின் அளவை வைத்து நோயின் அளவை எடைபோட முடியாது.

நம் பாட்டிமார்கள் வலியை மறைத்தாலும் அவர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், மதமதப்பு, சுருக் சுருக் என்பது, விண் விண் என்று தெறிப்பது. இவையெல்லாம் ஒன்றல்ல. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். வலியை வருணிக்கும் 78 சொற்களை 20 பிரிவுகளாக அடுக்கி, எது உங்கள் வலி என்று நோயாளியையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். வலியின் தன்மை தெரிந்தால் காரணத்தை நெருங்கலாம் என்பதே நோக்கம். அந்த அறிஞர் தேடித் தொகுத்ததைப் போன்ற ஒரு பட்டியல் நம் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தது!

நீரிழிவு நம்மவரிடையே அதிகம். அதனால் நரம்பு பாதிக்கப்பட்டவர் கால் காந்துகிறது, மதமதவென்று இருக்கிறது என்பார். மூட்டு தேய்ந்தவர் குடைகிறது என்பார். இரண்டுக்கும் மருந்து வேறு. "நெஞ்சு கரிக்குது" என்பதும் "நெஞ்சை அழுத்துது" என்பதும் மருத்துவர் தனித்தனியாகக் கேட்க வேண்டிய செய்திகள். பேரன் எல்லாவற்றையும் 'பெயின்' என்ற ஒரே சொல்லில் கொட்டிவிடுகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் ஏறத்தாழ பத்தில் ஆறு பேர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். தமிழ்ப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கும் 'குடைச்சல்' தெரியாது. அது தேர்வில் வருவதில்லை.

முன்பெல்லாம் பாசார் மலாய் கைகொடுத்தது. 'சாக்கிட்' என்றால் சீன மருத்துவருக்கும் புரியும். ஆனால் மலாயில் நோயும் சாக்கிட்தான், வலியும் சாக்கிட்தான். ஆகவே அதுவும் பாதி வழிக்குத்தான் வந்தது. இன்றைய இளம் மருத்துவர்கள் பலரிடம் அந்தப் பாதியும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? எண்ணைக் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. அதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். "அம்மா, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீங்க? கையைத் தூக்கித் தலை சீவ முடியுதா? விளக்கேற்ற உட்கார்ந்தால் யார் கையையும் பிடிக்காமல் எழ முடியுதா?" வலியைச் சொல்லக் கூசுபவர்கூட இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். இதில் தம் உடம்பைப் பற்றிப் புலம்புகிறோம் என்ற கூச்சம் இல்லை.

பேரப்பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டி சொல்லும் சொல்லுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால் அதைச் சுருக்காதீர்கள். "எப்படி இருக்கு பாட்டி, ஊசி குத்துற மாதிரியா, நெருப்புப் பட்ட மாதிரியா?" என்று கேட்டு அந்த உவமையை அப்படியே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கும் முடியாவிட்டால், தமிழ் பேசும் தாதி யாரும் இருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது யாரையும் குறை சொல்வதாகாது.

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளன்று பலரும் பாட்டியின் அடையாள அட்டையையும் மாத்திரைப் பையையும் மறக்காமல் எடுத்து வைக்கிறோம். முதல் நாள் இரவு பத்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே, எப்போது, எப்படி என்று அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதி, அதையும் அந்தப் பையில் போட்டு வையுங்கள்.