விளையாட்டிலே கணக்கு



கணக்கு என்றதும் நம் பிள்ளைகள் அஞ்சுவதேன்? அது பிரம்போடு வந்ததனாலன்றோ! விளையாட்டோடு வரட்டும். பல்லாங்குழியைப் பாருங்கள்: 14 குழிகள், குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. கையில் அள்ளியதை இடுமுன், "கடைசிக் கொட்டை எந்தக் குழியில் விழும்?" என்று கேளுங்கள். கூட்டல் தானே வரும். பலகை வேண்டாம், மண்ணிலே குழி தோண்டினாற் போதும். சிங்கள அயலாரும் புத்தாண்டு வேளையில் இதையொத்த 'ஒலிந்த கெளிய' ஆடுகின்றனர்.

ஹேவாஹெட்டத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் தாய்மாரே! ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ என்று வீட்டிலே சொல்லுங்கள். பிள்ளை கூட்டிச் சொல்லட்டும். எழுத்தறியாத தாயும் இதற்கு ஆசிரியையே. இன்று கொட்டை எண்ணும் கை, நாளை சம்பளச் சீட்டைத் தானே சரிபார்க்கும்.