அறமும் அடுக்களையும்: சிகாகோவின் ஹன்னா சாலமன்



தங்கள் தாயார் நினைவாகப் பிள்ளைகள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. யாரைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டேன். “வீட்டையும் விடாமல் ஊரையும் விடாமல் பார்த்துக்கொண்ட ஒருவரைப் பற்றிப் பேசுங்கள், அம்மா அப்படித்தான் இருந்தார்” என்றார்கள். அப்படி ஒருவரைத் தேடிய மனம் சிகாகோவில் போய் நின்றது. அவர் ஹன்னா கிரீன்பாம் சாலமன். 1858-இல் பிறந்து 1942-இல் மறைந்த யூதப் பெண்மணி.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு சொல்லைப் பார்த்துவிடுவோம். நம் ஊரில் கோயில் வாசலில் கையேந்துகிறவர் “தருமம் போடுங்க சாமி” என்கிறார். தருமம் என்றால் நெறி, நியாயம். தட்டில் விழும் காசுக்கும் அதுவே பெயர். அறம் என்ற சொல்லும் அப்படித்தான். ‘அறக்கட்டளை’ என்று நாம் சொல்லும்போது அதில் ஒழுக்கமும் கொடையும் ஒன்றாகவே இருக்கின்றன. யூதர்களின் எபிரேய மொழியில் கொடைக்கு ‘செதாக்கா’ என்று பெயர். அதன் வேர்ச்சொல்லுக்கு நீதி என்று பொருள். கொடுப்பவர் சலுகை காட்டவில்லை, பட்ட கடனைத் தீர்க்கிறார் என்பது அதன் உட்கிடை. ஹன்னாவின் வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு சொல்லுக்கு எழுதிய உரையாகவே நான் படிக்கிறேன்.

பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். பத்துப் பிள்ளைகளில் ஹன்னா நான்காமவர். தந்தை மைக்கேல் இரும்புச் சாமான் வணிகர். தப்பி வந்த ஓர் அடிமை 1853-இல் சிகாகோவில் பிடிபட்டபோது, அவரை விடுவித்த கூட்டத்தில் முன்னின்றவர். தாய் சாரா, யூதப் பெண்களைக் கூட்டி ஏழைகளுக்குத் துணி தைக்கும் சங்கம் நடத்தியவர். பிறர் துன்பம் இந்த வீட்டுக்கு வெளியூர்ச் செய்தியாக இருந்ததே இல்லை.

1877-இல் ஹன்னாவும் அக்கா ஹென்ரியட்டாவும் சிகாகோ மகளிர் மன்றத்தில் சேர்ந்தார்கள். அங்கே கால்வைத்த முதல் யூதப் பெண்கள் அவர்கள்தாம். 1879-இல் திருமணம். மூன்று குழந்தைகள். அடுத்த பத்தாண்டில் பெரும்பகுதியை வீடே எடுத்துக்கொண்டது.

1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. அதையொட்டிச் சர்வசமயப் பேரவை. சென்னை நண்பர்கள் ஊர் ஊராகப் பணம் திரட்டி அனுப்பிவைத்த விவேகானந்தர் செப்டம்பர் 11-இல் பேசியது அந்தப் பேரவையில்தான். அந்த மேடைக்கு யூதப் பெண்களைத் திரட்டும் பொறுப்பு ஹன்னாவிடம் வந்தது. ஊர் ஊராகக் கடிதம் எழுதி ஆள் சேர்த்தார். யூத ஆண்களின் குழுவும் ஒத்துழைப்புக் கேட்டு அழைத்தது. போனார். நிகழ்ச்சி நிரலில் பெண்களுக்கு என்ன இடம் என்று கேட்டார். மேடையில் இடமில்லை. வந்தவர்களை உபசரிப்பதும் காபி ஊற்றுவதும்தான் அவர்கள் எதிர்பார்த்த ஒத்துழைப்பு.

ஹன்னா ஏற்கவில்லை. அப்படியானால் எங்களுக்கு இதில் விருப்பமில்லை, நாங்கள் இந்தக் கூட்டத்துக்கு வந்ததாகப் பதிவேட்டில் இருக்கும் குறிப்பையும் நீக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

காபி ஊற்றுவதை இழிவென்று நினைத்தவர் இல்லை அவர். வீட்டில் விருந்தோம்பியே பழகியவர். தன் வீட்டு விருந்தாளிக்கு ஊற்றுவது அன்பு. பேச்சுரிமையைப் பறித்துக்கொண்டு கையில் கெண்டியைக் கொடுப்பது வேறு. இந்த வேற்றுமை அவருக்குத் தெரிந்திருந்தது.

செப்டம்பர் 4 முதல் 7 வரை யூதப் பெண்கள் தங்கள் மாநாட்டைத் தாங்களே நடத்தினார்கள். கட்டுரை படித்தார்கள், விவாதித்தார்கள். அங்கேயே யூத மகளிர் தேசிய மன்றம் பிறந்தது. ஹன்னா அதன் முதல் தலைவர். 1905 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பின்னாளில், அமெரிக்காவில் குடியேற வந்தவர்கள் இறங்கிய எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து தனியாக இறங்கிய இளம்பெண்களை, அவர்கள் அறிந்த இத்திஷ் மொழியிலேயே பேசி வரவேற்று, ஏமாற்றுக்காரர் கையில் சிக்காமல் காத்தது இந்த மன்றம்.

எதிர்ப்பும் வந்தது. ஹன்னா யூத சமயத்தின் சீர்திருத்த மரபைச் சேர்ந்தவர். சனிக்கிழமை ஓய்வுநாளை முறைப்படி அனுசரிக்காதவர் எப்படித் தலைவராக இருக்கலாம் என்று உறுப்பினர்களே கேட்டார்கள். தமக்கு வாரத்தின் எல்லா நாளும் புனிதமே என்று பதில் சொன்னார். மரபை உயிராய்ப் பற்றியிருந்தவர்களுக்கு அந்தப் பதில் நிறைவு தந்திருக்காது. ஆனாலும் அவர் தலைவராகத் தொடர்ந்தார்.

இன்னொரு பிளவு பணத்தைச் சார்ந்தது. 1881-க்குப் பின் ரஷ்யாவில் நடந்த வன்முறைக்குத் தப்பி ஏழை யூதர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். முன்பே காலூன்றிவிட்ட ஜெர்மானிய யூதர்களில் பலர், இவர்களைத் தம்மவர் என்று சொல்லக் கூசினார்கள். ஹன்னா வசதியான வீட்டுப் பெண்தான். ஆனால் காசோலையோடு கடமை முடிந்தது என்று இருக்கவில்லை. இம்மக்கள் வாழ்ந்த பகுதியில் ‘நேர்ச் சேவை’ என்று பொருள்படும் பெயரில் ஓர் அலுவலகம் தொடங்கினார். மின்னி லோ என்ற பெண் அதைப் பொறுப்பேற்று நடத்தினார். வீடு தேடிப் போய்க் குறை கேட்பது, வேலைக்கு வழி சொல்வது, வழக்கில் சிக்கிய சிறுவர்களுக்குத் துணை நிற்பது என்று அங்கே வேலை ஓயாது. அதே மின்னி லோ வட்டியில்லாச் சிறுகடன் தரும் சங்கமும் நடத்தினார். ஏழையிடம் வட்டி வாங்காதே என்பது யூதர்களின் வேதமான தோராவின் கட்டளை. கடன் வாங்கியவர் தலைநிமிர்ந்து வந்து திருப்பிக் கொடுக்கலாம். செதாக்கா என்ற சொல் நடைமுறைக்கு வந்தால் இப்படித்தான் இருக்கும்.

ஒரு காட்சி. 1910. சிகாகோவின் குப்பை மேடு. தரையில் புரளும் வெள்ளைச் சரிகைப் பின்னல் உடை, கையில் குடை. ஐம்பது வயதைக் கடந்த ஒரு சீமாட்டி குப்பைக்கு நடுவே நடக்கிறார். பின்னால் ஒரு கூட்டம். நகரின் கழிவகற்றும் முறையை ஆராய்ந்த மகளிர் குழுவின் தலைவராக ஹன்னா வந்திருந்தார். அந்த உடையை ஏன் உடுத்தினார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அடுக்களைக் குப்பையைத் தினமும் கூட்டி அள்ளுகிற பெண்ணுக்கு ஊர்க் குப்பையைப் பற்றிப் பேச அருகதை உண்டு. அதற்காக அவள் வேறு வேடம் பூண வேண்டியதில்லை. எனக்குத் தோன்றிய விடை இது.

நிறைவாக ஒன்று. ஆண்கள் குழுவின் பதிவேட்டிலிருந்து தம் வருகையை நீக்கச் சொன்னார் ஹன்னா. அந்தப் பெண்கள் மாநாட்டில் படித்த கட்டுரைகள் 1894-இல் தனி நூலாகவே வெளிவந்தன. அடுத்தவர் ஏட்டில் ஓரத்தில் நிற்பதைவிடத் தமக்கென ஓர் ஏடு தொடங்குவது மேல் என்று அவர்கள் கண்டார்கள்.

இந்த அறக்கட்டளையின் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த உரை அச்சாகும்போது முகப்பில் உங்கள் தாயாரின் பெயர் இருக்கும். அது போதாது. அவர் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு அரிசி அளந்தார், எந்தப் பிள்ளையின் படிப்புக்கு வளையலை அடகு வைத்தார் என்பதெல்லாம் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. நினைவிருக்கும்போதே அவற்றை எழுதி வையுங்கள்.