குடத்தை வரைஞ்சாத்தான் கண்ணுக்குத் தெரியும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்குப் பேச்சு வராது. தையலும் கோலமும்தான் வரும். நைட்டி தைச்சுக்கிட்டு இருந்தவளை, "உனக்குத்தான் படம் போட வருமே, தண்ணீர் சேமிப்புக்கு ஒரு சுவர் எழுதிக் கொடு" என்று குழுவில் சொன்னார்கள். நானும் ஆசையாக ஒரு பூமி உருண்டை வரைந்தேன். அதுக்கு ரெண்டு கண்ணு, கண்ணில் கண்ணீர், பக்கத்தில் ஒரு குழாய், கீழே "நீரைச் சேமிப்போம்". ரெண்டு நாள் வேலை. மூணாம் நாள் பார்த்தா அந்தச் சுவரில் யாரோ சைக்கிளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். அழுகிற பூமியை ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வருத்தம்தான். ஆனா நானே எத்தனை சுவரை அப்படிக் கடந்து போயிருக்கேன்!

அந்தச் சுவருக்கு எதிரே தெருவுக்குப் பொதுவான சின்டெக்ஸ் தொட்டி இருக்கு. அதில் ஒரு குழாய் தேய்ந்துபோய் ராத்திரி முழுக்க நூல் மாதிரி ஒழுகும். காலையில் வரிசையில் கடைசியாக நிற்கிற ரெண்டு பேருக்குத் தண்ணி பத்தாது. அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் எப்பவும் ஒரு பாட்டி. வேகமாக நடந்து வந்து இடம் பிடிக்க அவரால் முடியாது.

ஒருநாள் ராத்திரி 9 மணிக்குக் குழாயடியில் அண்டாவை வைத்தேன். காலை 5 மணிக்கு அளந்தேன். சரியாக ரெண்டு குடம். பாட்டியோட குடமும் அவருக்கு முன்னால் நிற்கிறவர் குடமும்தான் ராத்திரியே சாக்கடைக்குப் போயிருக்கு. அன்னைக்கே மீதிப் பெயின்டை எடுத்துத் தொட்டியிலேயே ரெண்டு குடம் வரைந்து, "நேத்து ராத்திரி ஒழுகினது" என்று எழுதினேன். குடம் பிடிக்க வந்தவர்கள் நின்று படித்தார்கள். ஒரு வாரத்தில் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுக் குழாயை மாற்றினோம்.

லிட்டர் என்றால் நமக்குக் கண்ணில் நிற்காது. நம்ம பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர். 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறார்கள். வரைந்து பாருங்கள், நாலு குடம்கூட முழுசாக இல்லை. மழையையும் குடத்தில் வரையலாம். 300 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் விழும், அதாவது பதினெட்டு குடம். 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கினார்கள். அப்போ போட்ட பைப்பு நிறைய வீட்டில் இன்னும் இருக்கு. ஆனா அதில் போகிற பதினெட்டு குடம் யார் கண்ணுக்கும் தெரியாததால், பைப்பு அடைச்சிருக்கா என்றுகூட யாரும் பார்ப்பதில்லை.

சென்னையில் 2019 கோடையில் ஏரிகள் வற்றினபோது, புழல் ஏரியை மேலேயிருந்து எடுத்த ரெண்டு படம் உலகம் பூராவும் போச்சு. முந்தின வருஷம் தண்ணீரோட ஒன்று, அந்த வருஷம் வெறும் மண்ணாக ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். அறிவுரை ஒரு வரிகூட வேண்டியிருக்கவில்லை.

இனி நான் செய்த தப்பைச் சொல்றேன். தொட்டிப் படம் எடுபட்டதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. எங்க தெருவைச் சார்ட்டில் வரைந்து, மோட்டார் வைத்துக் குழாய்த் தண்ணீரை உறிஞ்சுகிற வீட்டுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தேன். குழுக் கூட்டத்தில் விரித்தேன். அதில் ஒரு வீடு எங்க குழு மதினி வீடு. அவங்க எழுந்து போனவங்கதான், ரெண்டு மாசம் கூட்டத்துக்கே வரவில்லை. சேமிப்பும் நின்றது, கடன் தவணையும் நின்றது. மோட்டார் மட்டும் நிற்கவில்லை.

பிறகுதான் தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரம் செய்தது தெரிய வந்தது. 2018-ல் அங்கே ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு. எந்த வீடு எவ்வளவு செலவழிக்கிறது என்று நகர வரைபடம் போட்டார்கள். குறைவாகச் செலவழித்த வீடுகளுக்குப் பச்சைப் பொட்டு. மாதம் 6,000 லிட்டருக்குள் இருந்தால் கரும்பச்சை. அதிகம் செலவழித்த வீட்டுக்குச் சிவப்பே கிடையாது. அதிலும், அக்கம்பக்கம் பார்க்கிற படம் எதற்கு என்று அங்கேயும் சிலர் சண்டை போட்டார்கள். எனக்கு அது ஒரு ஆறுதல்.

சார்ட்டைக் கிழித்துப்போட்டுப் புதுசு வரைந்தேன். மாடித் தண்ணியைத் தொட்டிக்கோ குழிக்கோ இறக்கின வீட்டுக்கு மட்டும் பச்சைப் பொட்டு. முதல் தடவை ஏழு வீடு, இப்போ பத்தொன்பது. மதினி கூட்டத்துக்கு வர்றாங்க. என்கிட்ட இன்னும் முகம் கொடுத்துப் பேசலை. அவங்க வீட்டில் மோட்டாரும் இருக்கு, போன மாசத்திலிருந்து பச்சைப் பொட்டும் இருக்கு.

வெளியே பந்தலில் சார்ட்டும் கோலப்பொடியும் வைத்திருக்கேன். சாப்பாடு முடிந்ததும் குழுவுக்கு ரெண்டு பேர் வாங்க. உங்க தெருவில் ஒழுகுகிற குழாய் எத்தனை, அதில் ராத்திரிக்கு எத்தனை குடம் போகும் என்று சொல்லுங்க, சேர்ந்து வரைவோம். அளக்காதவங்க இன்னைக்கு ராத்திரி அண்டா வைத்துப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்லுங்க.