மாற்று இதய வால்வும் குடும்ப நலமும்



குடும்ப நலப் பேச்சில் இதய வால்வு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டு வீங்கி வரும் வாதக் காய்ச்சல், சிலருக்கு இதய வால்வைக் கெடுத்துவிடுகிறது. அது பல சமயம் கல்யாணமாகிப் பிள்ளை பெறும் வயதில்தான் வெளியே தெரிகிறது. அப்போது மாற்று வால்வு வைக்க வேண்டி வரலாம்.

மாற்று வால்வு இரண்டு வகை. ஒன்று, உலோக வளையத்துக்குள் தட்டு மூடித் திறக்கும் வகை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு இவ்வகையே. 1990 டிசம்பரில் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இது நெடுநாள் உழைக்கும். ஆனால் இதில் ரத்தம் உறையலாம். மற்றொன்று, மாடு அல்லது பன்றியின் திசுவால் ஆனது. உறைவது குறைவு, ஆனால் 10, 15 வருஷத்தில், இளவயதினருக்கு அதற்கும் முன்பே, பழுதாகலாம். அப்போது மறுபடி மாற்ற வேண்டும்.

உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிடணும். "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. தங்குகடலுக்குப் போகிறவர்கள் அத்தனை நாளுக்கும் மாத்திரையைக் கையோடு கொண்டுபோகணும். சொன்ன தேதியில் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை அவசியம். முருங்கைக்கீரை தின்னலாம், ஒரு வாரம் அதிகம், மறு வாரம் ஒன்றுமில்லை என்று மாற்ற வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்காதீர்கள்.

வால்வு பழுதாவதைக் காட்டும் அறிகுறிகள்:

1. வழக்கமான 'டிக் டிக்' சத்தம் மங்குதல், திடீர் மூச்சுத்திணறல்: வால்வில் ரத்தம் உறைந்து தட்டு சிக்கியிருக்கலாம். உறைவைக் கரைக்கும் ஊசி அல்லது அவசர அறுவை சிகிச்சை தேவை.

2. வாய் கோணுதல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல்: உறைவு மூளைக்குப் போயிருக்கலாம், மாத்திரை கூடிப்போய் மூளையில் ரத்தம் கசிந்தும் இருக்கலாம்.

3. விடாத காய்ச்சல்: வால்வில் கிருமி பற்றியிருக்கலாம். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு பல வாரம் ஊசி மருந்து. பல் சுத்தம் முக்கியம். பல் பிடுங்குமுன் வால்வு விவரத்தைச் சொல்லுங்கள்.

4. உடல் வெளுத்தல், கருத்த சிறுநீர், கால் வீக்கம்: வால்வு ஓரம் கசியலாம். எக்கோ ஸ்கேன் காட்டிவிடும்.

முதல் இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரைச் சீட்டையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். மலம் கறுத்தாலோ, ஈறில் ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி, கணவன் மனைவி இருவருக்கும். வார்ஃபரின் வகை மாத்திரை, முக்கியமாக கர்ப்பத்தின் 6 முதல் 12 வாரம் வரை, குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம். அதற்குப் பயந்து தானாக நிறுத்தினால் தாயின் வால்வு அடைத்து உயிருக்கே ஆபத்து. ஆகவே கருத்தரிக்கும் முன்பே இருவரும் சேர்ந்து இதய டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் பாருங்கள். அளவைக் குறைப்பதா, ஹெப்பாரின் ஊசிக்கு மாறுவதா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். நாள் தள்ளிப்போனால் மாத்திரையை நிறுத்தாமல் உடனே அவர்களிடம் போங்கள்.

குழந்தை போதும் என்றால், வால்வு வைத்த மனைவியை இன்னொரு ஆபரேஷனுக்கு அனுப்புவானேன்? கணவருக்குக் கத்தியின்றிச் செய்யும் கருத்தடை சில நிமிஷ வேலை, ஆண்மை குறையாது. கருத்தடை மாத்திரையில் சில ரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால், கேட்காமல் வாங்க வேண்டாம்.

வால்வு ஒருவர் நெஞ்சில் இருந்தாலும், அதைக் காக்கும் பொறுப்பு இருவருக்கும் உண்டு.